வரிசையில் விடப்பட்ட இடைவெளி: வடமேற்கு லண்டனில் நடந்த ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து

பின்னணி

நின்றுபோன அல்லது ஊர்ந்து நகரும் வாகன வரிசையின் பக்கத்தால் மோட்டார் சைக்கிளை மெதுவாக முன்னே கொண்டு செல்வதைப் பிரித்தானியாவில் ஃபில்டரிங் என்கிறார்கள். லண்டனில் வாழும் நம்மவர்களின் பேச்சில் அது 'இடைக்குள்ளால போறது'. அதைத் தடைசெய்யும் சட்டம் இங்கே இல்லை. ஹைவே கோட் எனப்படும் அரசின் வீதி விதிக்கோவையின் 88ஆம் விதி அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அப்படிச் செல்லும்போது அவதானமாகவும் குறைந்த வேகத்திலும் செல்லுமாறு கேட்கிறது. எவ்வளவு குறைந்த வேகம் என்று அது சொல்வதில்லை.

இந்த ஆய்வுக்குரிய ஓட்டுநர் முப்பதுகளின் பிற்பகுதியில் இருந்த ஓர் இலங்கைத் தமிழர். ஊரில் பதினைந்து வருடங்களுக்கு மேலாக மோட்டார் சைக்கிள் ஓட்டிய அனுபவம் அவருக்கு உண்டு. இலங்கையின் சாரதி அனுமதிப்பத்திரத்தை இங்குள்ள அனுமதிப்பத்திரமாக நேரடியாக மாற்ற முடியாது என்பதால், தற்காலிக அனுமதிப்பத்திரம் பெற்று, சி.பி.டி எனப்படும் கட்டாய அடிப்படைப் பயிற்சியை முடித்து, 'எல்' பலகையுடன் 125 சிசி வண்டி ஒன்றை ஓட்டிவந்தார். ஹாரோவிலிருந்து பார்க் ராயலில் உள்ள ஒரு களஞ்சியத்துக்கு வேலைக்குப் போய்வருவதே அவருடைய அன்றாடப் பயணம். காப்புறுதி ஒழுங்காக இருந்தது. அதில் வேலைக்குச் செல்லும் பயணமும் அடங்கியிருந்தது.

நான் பல வருடங்கள் மோட்டார் சைக்கிள் பயிற்றுநராக வேலை செய்தவன். அவருக்கு சி.பி.டி பயிற்சி கொடுத்தவர்களில் நானும் ஒருவன். பயிற்சியின் இறுதிப் பகுதியில் குறைந்தது இரண்டு மணித்தியாலம் வீதியில் ஓட்டவேண்டும். அந்த ஓட்டத்துக்குப் பிறகு, "அண்ணை, இஞ்ச இடைக்குள்ளால போகலாமோ?" என்று அவர் கேட்டார். "சட்டம் தடுக்கேல்ல, கவனமாப் போங்கோ" என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பதிலில் பொய் இல்லை, ஆனால் அது பாதிப் பதில். இந்த ஆய்வை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஓட்டுநரின் சம்மதத்துடன் எழுதுகிறேன். வீதியின் பெயரையும் ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

அன்று மாலை

நவம்பர் மாத நடுப்பகுதி, மாலை ஐந்து மணி கடந்து பத்து நிமிடம். சூரியன் மறைந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. வீதி காய்ந்திருந்தது, குளிர் இருந்தது, மழை இல்லை. திசைக்கு ஒரு பாதை கொண்ட, மணிக்கு 30 மைல் வேக வரம்புடைய வீதி அது. முன்னே இருந்த சமிக்ஞை விளக்கிலிருந்து பின்னோக்கி நீண்ட வரிசை நின்றிருந்தது. எதிர்ப்பாதையில் வாகனங்கள் இடையிடையே மட்டுமே வந்தன. ஓட்டுநர் வரிசையின் வலப்பக்கத்தால், நடுக்கோட்டை ஒட்டி முன்னேறிக்கொண்டிருந்தார்.

வரிசையின் நடுவே ஒரு பாதசாரிக் கடவை வந்தது. அதன் இருபுறமும் வளைந்து வளைந்து செல்லும் வெள்ளைக்கோடுகள் உள்ள இடத்தில், கடவைக்கு மிக அருகில் செல்லும் வாகனத்தையோ, பாதசாரிக்காக நின்ற வாகனத்தையோ முந்துவது குற்றம். அவர் அதை அறிந்திருந்தார். கடவைக்கு முன்பே வரிசைக்குள் புகுந்து, ஒரு காரின் பின்னால் நின்று, கடவையைத் தாண்டிய பிறகே மறுபடியும் வெளியே வந்தார். அவருடைய தலைக்கவசத்தில் பொருத்தியிருந்த சிறிய கமராவில் இது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அவரைக் கவனயீனமான ஓட்டுநர் என்று யாரும் சொல்லிவிடாமல் இருக்க இதை முதலிலேயே பதிவு செய்கிறேன்.

கடவைக்கு அப்பால் இடப்பக்கத்தில் ஒரு கிளை வீதி வந்து சேர்கிறது. அதன் வாய்க்குச் சற்று முன்னதாக ஒரு வெள்ளை வான் நின்றிருந்தது. அதன் முன்னே சென்ற வாகனங்கள் சற்று நகர்ந்தபோது வான் சாரதி நகராமல் நின்று, கிளை வீதியில் காத்திருந்த காருக்கு வழிவிட்டு, முன்விளக்கை இருமுறை மினுக்கினார். காரில் இருந்த பெண் வலப்பக்கம் திரும்பிச் செல்லவேண்டியவர். அதற்கு அவர், வாகனங்கள் நின்றிருந்த வரிசையைக் குறுக்கே கடந்து, இடப்பக்கத்திலிருந்து வரும் எதிர்ப்பாதை வாகனங்களைப் பார்த்து, அந்தப் பாதையில் சேரவேண்டும். அவருடைய பார்வை இடப்பக்கமே இருந்தது. வலப்பக்கத்தை உயரமான வான் முழுவதாக மறைத்துக்கொண்டிருந்தது. கார் வானின் முன்னால் வெளியே வந்தது. மோட்டார் சைக்கிள் காரின் வலது முன் மூலையில் மோதியது. ஓட்டுநர் காரின் முன்மூடிக்கு மேலால் எறியப்பட்டு எதிர்ப்பாதையில் இடக்கையை ஊன்றி விழுந்தார். அந்த வேளை எதிர்ப்பாதையில் எதுவும் வரவில்லை.

விபத்திடத்தில்

காரின் சாரதி இறங்கி ஓடிவந்து, 999ஐ அழைத்து, தன் குளிரங்கியைக் கழற்றி அவர்மீது போர்த்தினார். கூடியவர்களில் ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்ற முயன்றபோது வேறொருவர் தடுத்தார். அது சரியான தடுப்பு. சுவாசம் தடைப்பட்டு வேறு வழியில்லாத நிலையைத் தவிர, விழுந்தவரின் தலைக்கவசத்தைக் கழற்றக் கூடாது என்று ஹைவே கோடின் முதலுதவிப் பகுதியும் சொல்கிறது. வான் சாரதி சில நிமிடங்கள் நின்றுவிட்டு, பின்னால் எழுந்த ஹோர்ன் சத்தத்தில் நகர்ந்து போய்விட்டார். அவருடைய விவரங்களை யாரும் வாங்கவில்லை.

ஓட்டுநர் நினைவுடன் இருந்தார். அவர் சொன்ன முதல் வார்த்தைகள், "சொறி, சொறி, நான் பாக்கேல்ல" என்பவை. நம்மவர்கள் பலருக்கு 'சொறி' என்பது பதற்றத்தில் தானாக வரும் சொல். தவறை ஏற்றுக்கொண்டேன் என்று பொருள்படாது. ஆனால் அடுத்து வந்த 'பார்க்கவில்லை' என்பது பொலிஸ் அலுவலரின் குறிப்பேட்டில் பதிந்தது. பின்னர் காரின் காப்புறுதி நிறுவனம் அதை எடுத்துக் காட்டியது. விபத்திடத்தில் பெயர், முகவரி, காப்புறுதி விவரங்களைப் பரிமாறுவது சட்டப்படி கட்டாயம். யார் தவறு என்று விளக்கும் கடமை அந்த நேரத்தில் எவருக்கும் இல்லை.

பொலிஸ் இரு தரப்பையும் பதிவு செய்தது. எவர் மீதும் வழக்குத் தொடரவில்லை.

மணிக்கட்டு

அவசரப் பிரிவில் எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் தெரியவில்லை. ஆனால் பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் குழிவான இடத்தை அழுத்தியபோது கூர்மையான வலி இருந்ததால், வைத்தியர் தாங்குகட்டு ஒன்றைப் போட்டு, இரண்டு வாரங்களுக்குள் மீண்டும் வரச் சொன்னார். ஸ்கேஃபாய்ட் என்ற சிறிய எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது பரவலாக அறியப்பட்ட விடயம். இரத்த ஓட்டம் குறைவான எலும்பு என்பதால், கவனிக்காமல் விட்டால் அது சேராமலே போகலாம். வலி குறைந்துவிட்டது என்று ஓட்டுநர் இரண்டாவது சந்திப்பைத் தவிர்க்க நினைத்தார். அவருடைய மனைவி விடவில்லை. பன்னிரண்டாம் நாள் எடுத்த ஸ்கானில் முறிவு தெரிந்தது. எட்டு வாரம் மாவுக்கட்டு, மொத்தம் பதினொரு வாரம் வேலை இல்லை. கையை ஊன்றி விழுந்த எவரும் இந்தச் சந்திப்பைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே இதைத் தனித் தலைப்பில் எழுதுகிறேன்.

காணொளியும் கணக்கும்

விபத்து நடந்து மூன்றாம் நாள் அவருடைய மைத்துனர் என்னை அழைத்தார். கமராவின் பதிவைப் பார்த்த நண்பர்கள் சிலர், வேகம் தெரிகிறது, இது எங்களுக்கே பாதகம், அழித்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். நான் அழிக்க வேண்டாம் என்றேன். வழக்கு வரக்கூடும் என்று தெரிந்த பிறகு சான்றுகளைப் பேணவேண்டும் என்பது கடமை. அழித்தது வெளியே வந்தால் அவர் சொல்லும் மற்ற எதையும் யாரும் நம்பமாட்டார்கள். அதைவிட முக்கியமாக, பதிவு இல்லாவிட்டால் காரின் சாரதி உணர்ந்த வேகமே உண்மையாகிவிடும். அவர் பொலிஸுக்குச் சொன்னது மணிக்கு 40 மைல். அவர் பொய் சொல்லவில்லை. இருட்டில், எதிர்பாராத திசையிலிருந்து பாய்ந்து வரும் ஒற்றை விளக்கு எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அடுத்த ஞாயிறு காலை நானும் மைத்துனரும் அளவு நாடாவுடன் அந்த வீதிக்குப் போனோம். கிளை வீதிக்கு முன்னால் உள்ள இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு இடையே 30 மீற்றர் இருந்தது. கமரா வினாடிக்கு 30 படங்கள் எடுக்கும். ஒரு கம்பத்திலிருந்து அடுத்ததற்கு 96 படங்கள், அதாவது 3.2 வினாடி. வேகம் மணிக்கு ஏறத்தாழ 21 மைல், நமது கணக்கில் 34 கிலோமீற்றர். வேக வரம்புக்கு உட்பட்ட இந்த வேகம், திறந்த வீதியில் ஓடும் எவருக்கும் மெதுவானதாகவே தோன்றும்.

காரின் முன்மூடி வானின் ஓரத்தைத் தாண்டி முதலில் தெரிந்ததற்கும் மோதலுக்கும் இடையே 26 படங்கள் இருந்தன. தூரத்தில் அது ஏறக்குறைய 8 மீற்றர். ஹைவே கோடின் அட்டவணைப்படி 20 மைல் வேகத்தில் நிற்பதற்கு 12 மீற்றர் தேவை: மூளை உணர்ந்து கை பிரேக்கைப் பிடிக்குமுன் 6 மீற்றர், பிடித்த பின் 6 மீற்றர். ஆகவே அவருக்கு உண்மையில் பிரேக் பிடிக்கக் கிடைத்தது இரண்டு மீற்றருக்கும் குறைவு. அதே கணக்கை 15 மைலுக்குப் போட்டால் நிற்கும் தூரம் ஏறத்தாழ 8 மீற்றர். காரைத் தொடுமுன்னரோ தொட்டுக்கொண்டோ நின்றிருப்பார். 10 மைலில் 4.5 மீற்றர், வாய்த் தகராறோடு முடிந்திருக்கும். அந்த அட்டவணை கவனத்துடன் இருக்கும் சாரதியை மனதில் வைத்து எழுதப்பட்டது; களைத்து வேலை முடிந்து வருபவருக்கு இன்னும் கூடுதலான தூரம் வேண்டும்.

ஆனால் காணொளியில் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது இந்த எட்டு மீற்றர் அல்ல. மோதலுக்கு இரண்டரை வினாடி முன்பு, எதிர்ப்பக்கக் கடையின் கண்ணாடியில் ஒரு வெளிச்சம் இருமுறை மினுங்குகிறது. அது வான் சாரதியின் விளக்கு. அந்தக் கணத்தில் மோட்டார் சைக்கிள் சுமார் 23 மீற்றர் பின்னால் இருக்கிறது. அதற்கும் முன்பே, வானுக்கும் அடுத்த வாகனத்துக்கும் இடையே இருக்கவேண்டியதைவிடப் பெரிய இடைவெளி விழுந்திருப்பது படத்தில் தெரிகிறது. நடுக்கோட்டின் வெள்ளைத் துண்டுகளும் அந்த இடத்தை நெருங்கும்போது நீளமாகி, அவற்றின் இடைவெளி குறுகுகிறது. முன்னே ஆபத்து உண்டு என்பதே அந்தக் கோட்டின் பொருள். 127ஆம் விதி அதை விளக்குகிறது.

இடைவெளியைக் கண்டீர்களா என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "கண்டனான் அண்ணை. முன்னால வாகனம் வந்தா ஒதுங்கிறதுக்கு இடம் கிடைச்சிட்டுது எண்டு நினைச்சன்" என்றார்.

இந்த நிகழ்வு முழுவதும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. வரிசையின் பக்கத்தால் செல்பவர் ஒதுங்குவதற்கு இடைவெளிகளைத் தேடிக்கொண்டே செல்லவேண்டும் என்பது சரியான பழக்கம். நாங்களே அப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் நின்றுகொண்டிருக்கும் வரிசையில் யாரும் காரணமில்லாமல் இடம் விடுவதில்லை. கிளை வீதியின் வாயில் விடப்பட்ட இடம் இன்னொருவருக்காக விடப்பட்டது, அந்த இன்னொருவர் அதன் வழியே வந்துகொண்டிருக்கிறார். தனக்கு அடைக்கலம் என்று அவர் வாசித்த இடமே காரின் வாசலாக இருந்தது.

ஊர்ப் பழக்கமும் இதில் சேர்ந்திருந்தது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வரிசையைக் கடக்கும் எந்தச் சாரதியும் இருபுறமும் மோட்டார் சைக்கிள்கள் வரும் என்று எதிர்பார்க்கிறார்; வருபவரும் ஹோர்னைத் தட்டிக்கொண்டே வருவார். இங்கே பல சாரதிகளிடம் அந்த எதிர்பார்ப்பு இல்லை. ஹோர்ன் அடிப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து அவர் அதையும் விட்டுவிட்டார். ஓடும் வாகனத்திலிருந்து தன் இருப்பை அறிவிக்க ஹோர்ன் அடிப்பதை 112ஆம் விதி அனுமதிக்கிறது. முந்தும் திறமை அவரோடு கடல் கடந்து வந்தது. அந்தத் திறமையைப் பாதுகாத்த மற்றவர்களின் எதிர்பார்ப்பு வரவில்லை.

சட்டம் நின்ற இடம்

காரின் காப்புறுதி நிறுவனத்தின் முதல் கடிதம், விபத்தில் 80 சதவீதப் பொறுப்பு ஓட்டுநருடையது என்றது. அதற்கு ஆதாரமாக அது காட்டியது, 1966ஆம் ஆண்டின் பவல் எதிர் மூடி வழக்கு. அதில் நின்றிருந்த வரிசையின் வலப்பக்கத்தால் வந்த மோட்டார் சைக்கிள் ஓட்டுநர், பால் தாங்கி வண்டி ஒன்று வழிவிட்டதால் கிளை வீதியிலிருந்து வெளியே வந்த காருடன் மோதினார். பொறுப்பில் 80 சதவீதம் அவர்மீது சுமத்தப்பட்டது. எங்கள் நிகழ்வோடு அது ஒத்திருப்பதைப் பார்த்து ஓட்டுநரின் குடும்பம் மனம் தளர்ந்தது.

மறுபுறத்தில், இணையத்தில் தேடிய மைத்துனர் 2006ஆம் ஆண்டின் டேவிஸ் எதிர் ஷ்ரோகின் வழக்கைக் கண்டுபிடித்தார். அதில் வரிசையைத் தாண்டிச் சென்ற மோட்டார் சைக்கிள் ஓட்டுநர், முழுப் பொறுப்பையும் கார் சாரதிமீது சுமத்தி வென்றார். ஆனால் அங்கே கார் வரிசையிலிருந்தே விலகி, பின்நோக்கித் திரும்ப முயன்றது. அப்போது மோட்டார் சைக்கிள் மிக அருகில் வந்துவிட்டிருந்தது. இன்னும் மெதுவாக வந்திருந்தாலும் அந்த மோதலைத் தவிர்த்திருக்க முடியாது என்பதே தீர்ப்பின் அடிப்படை. எங்கள் காணொளியோ மெதுவாக வந்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பதையே காட்டியது. ஓட்டுநரின் சட்டத்தரணி இதை அவருக்கு மிகப் பொறுமையாக விளக்கினார், நான் மொழிபெயர்த்தேன்.

ஓட்டுநருக்கு விளங்கிக்கொள்ளக் கடினமாக இருந்தது வேறொன்று. "நான் எந்தச் சட்டத்தையும் மீறேல்லயே" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அது உண்மை. கடக்கக் கூடாத இரட்டை வெள்ளைக்கோடு அங்கே இல்லை, வேக வரம்பை அவர் தாண்டவில்லை, கடவையில் முந்தவில்லை. ஆனால் ஹைவே கோடில் இரண்டு வகை வாக்கியங்கள் உண்டு. 'கட்டாயம்' என்று தடித்த எழுத்தில் வருபவை சட்டம்; மீறினால் குற்றம். மற்றவை அறிவுரை. சந்தியை நெருங்கும்போது முந்தவேண்டாம் என்ற 167ஆம் விதியும், வரிசைகளில் சந்திகளிலிருந்து வெளிவரும் வாகனங்களைக் கவனி என்ற 88ஆம் விதியும் இரண்டாம் வகை. அவற்றை மீறுவது தன்னளவில் குற்றமாகாது. ஆயினும் 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம், 38ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவில், அப்படி மீறியதைப் பொறுப்பைத் தீர்மானிக்கும் வழக்கில் இரு தரப்பும் சான்றாக எடுத்துக்காட்டலாம் என்கிறது. கடவையில் நின்ற அதே மனிதர் சந்தியில் நிற்காததன் காரணம் எனக்கு இங்கேதான் தெரிந்தது. கட்டாயம் என்றிருந்ததை அவர் மனப்பாடமாக அறிந்திருந்தார்; அறிவுரை என்றிருந்ததை நான் அவருக்குச் சொல்லவே இல்லை.

அதே விதிக்கோவை காரின் சாரதிக்கும் எதிராக நின்றது. கிளை வீதியிலிருந்து வெளியேறுமுன் மோட்டார் சைக்கிள்களுக்காகப் பார், அவை நீ நினைப்பதைவிட வேகமாக வந்துகொண்டிருக்கலாம் என்கிறது 211ஆம் விதி. விளக்கு மினுக்குவதை வா என்ற அழைப்பாக எடுத்துக்கொள்ளாதே, நீயே பார்த்துத் தீர்மானி என்கிறது 111ஆம் விதி. வான் சாரதி மீறியது 110ஆம் விதியை: விளக்கை மினுக்குவது தன் இருப்பை அறிவிக்க மட்டுமே. அவருடைய நல்லெண்ணத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தன் வலப்பக்கக் கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிட்டு மினுக்கியிருந்தால், பின்னால் வரும் ஒற்றை விளக்கு அவருக்குத் தெரிந்திருக்கும்.

தீர்வு

காணொளியில் வானின் பக்கத்தில் எழுதியிருந்த நிறுவனப் பெயர் தெரிந்தது. சட்டத்தரணி எழுதிய கடிதத்துக்கு வான் சாரதி பதிலளித்து, தான் விளக்கு மினுக்கியதையும், கார் நிற்காமல் ஒரே ஓட்டமாக வெளியே வந்ததையும் உறுதிப்படுத்தினார். கூரை உயரமான வாகனம் பார்வையை மறைக்கும்போது, காரின் மூக்கை மட்டும் அங்குலம் அங்குலமாக வெளியே நீட்டி நின்று பார்ப்பதே ஏற்கத்தக்க முறை. அப்படிச் செய்யப்படவில்லை என்பது இப்போது சான்றாயிற்று. 40 மைல் என்ற கூற்றை எங்கள் அளவீடு நீக்கியது.

காரின் காப்புறுதி நிறுவனம் 80 சதவீதத்திலிருந்து இறங்கி, கடைசியில் பாதிக்குப் பாதி என்று வந்தது. 1945ஆம் ஆண்டின் சட்டப்படி, பாதிக்கப்பட்டவரின் பங்கும் விபத்தில் இருந்தால் இழப்பீடு அந்த அளவுக்குக் குறைக்கப்படும். ஆகவே வேலை இழப்பு, வண்டி, காயம் எல்லாவற்றுக்கும் கணக்கிட்டதில் பாதியே கைக்கு வரும். நீதிமன்றம் போனால் இன்னும் சற்று மேலே போகலாம், கீழேயும் போகலாம் என்றார் சட்டத்தரணி. மூன்று வருடக் காலவரம்புக்குள் இன்னும் நிறைய நேரம் இருந்தது. ஓட்டுநர் இரண்டு வாரம் யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டார். நான் அவரை எந்தப் பக்கமும் தள்ளவில்லை, ஆனால் அவர் எடுத்தது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். அந்தக் காணொளி 40 மைலிலிருந்து அவரைக் காப்பாற்றியது. அதே காணொளி நீதிபதியின் முன்னால் அந்த 23 மீற்றரையும் காட்டியிருக்கும்.

விபத்திலிருந்து தீர்வு வரை பதினான்கு மாதங்கள் சென்றன.

மாற்றியவை

மாவுக்கட்டு கழன்று, கிளட்சைப் பிடிக்க இடக்கை பழகிய பின், நான்கு ஞாயிறு காலைகளில் நாங்கள் சேர்ந்து ஓட்டினோம். பின்வருபவை அந்தக் காலைகளில் நாங்கள் பேசிச் செய்து பார்த்தவை.

முதலாவது வேகம். பிரித்தானியாவில் எண் எதுவும் இல்லை என்பதால், வரிசை நின்றிருந்தால் மணிக்கு 10 மைலுக்கு மேல் போவதில்லை, வரிசை நகர்ந்தால் அதைவிட 10 மைலுக்கு மேல் கூடுதலாகப் போவதில்லை, வரிசையே 20 மைலை எட்டினால் உள்ளே சேர்ந்துவிடுவது என்று அவர் தனக்கு வைத்துக்கொண்டார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014 ஜூலை முதலாம் திகதி ஃபில்டரிங்கைச் சட்டபூர்வமாக்கியபோது மணிக்கு 30 கிலோமீற்றர் என்று உச்ச வேகத்தை எழுதியே வைத்தது. பயிலுநர்களுக்கும் தற்காலிக அனுமதிப்பத்திரக்காரர்களுக்கும் அதை அனுமதிக்கவும் இல்லை. அந்த விதிப்படி பார்த்தால் எங்கள் ஓட்டுநரின் வேகமும் கூடுதல், அவருடைய 'எல்' பலகையும் தடை. இங்கும் அப்படி ஓர் எண் எழுதப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'குறைந்த வேகம்' என்பதை ஒவ்வொருவரும் தத்தம் அனுபவத்தால் நிரப்புகிறார்கள். ஊரில் பதினைந்து வருடம் ஓட்டியவருக்கு 21 மைல் குறைந்த வேகம்தான்.

இரண்டாவது, இடைவெளி. கிளை வீதியோ, பெற்றோல் நிலைய வாயிலோ, கார் தரிப்பிட வாயிலோ உள்ள இடத்தில் வரிசையில் இடைவெளி தெரிந்தால், அதை விட்ட வாகனத்தின் பின்மூலைக்கு வரும்போதே கால் ஊன்றக்கூடிய வேகத்துக்கு வந்துவிடுவது. வாகனத்தின் முன்மூலைக்கு அப்பால் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடப்பது. தேவையானால் ஹோர்னைச் சுருக்கமாக ஒருமுறை தட்டுவது. உயரமான வான், பஸ், லொறி என்றால் சந்தேகமே இல்லாமல் நிற்பது. இருட்டில் தன் ஒற்றை விளக்கு பின்னால் உள்ள கார்களின் விளக்குகளுக்குள் கரைந்துவிடும் என்பதை நம்ப அவருக்குச் சிறிது நேரம் எடுத்தது. ஆகவே ஒரு மாலை நான் கிளை வீதியில் நின்று, அவருடைய வண்டியில் வேறொருவர் வருவதை அவரைப் பார்க்கச் செய்தேன். வான் ஒன்றின் பின்னால் அந்த விளக்கு முழுவதாகக் காணாமல் போனதை அவர் தன் கண்ணால் கண்டார். நான்கு ஞாயிறுகளில் சொன்னவற்றைவிட அந்த ஒரு மாலை அதிகம் கற்பித்தது.

மூன்றாவது, பாதை. சில நாட்களில் அவர் பஸ் பாதை உள்ள வேறு வழியால் போகிறார். லண்டன் போக்குவரத்து அதிகாரசபை நிர்வகிக்கும் சிவப்புக் கோட்டு வீதிகளில் உள்ள பெரும்பாலான பஸ் பாதைகளில் 2012 முதல் மோட்டார் சைக்கிள்களுக்கு நிரந்தர அனுமதி உண்டு. உள்ளூராட்சிச் சபைகளின் வீதிகளில் அது இடத்துக்கு இடம் வேறுபடும். பலகையில் மோட்டார் சைக்கிளின் படம் இருந்தால் மட்டுமே உள்ளே போகவேண்டும். எதிரே இருந்து வலப்பக்கம் திரும்பும் கார்கள் நின்ற வரிசையைக் கடந்து பஸ் பாதைக்குக் குறுக்கே வரக்கூடும் என்பதால், இடைவெளி பற்றிய கவனம் அங்கேயும் அதேயளவு தேவை.

என் பக்கத்தில் மாற்றியது இது. பயிற்சி முடிவில் யாராவது இடைக்குள்ளால போகலாமா என்று கேட்டால், ஒரு வசனத்தில் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஒரு தாளில் வரிசையையும் கிளை வீதியையும் வரைந்து, வானை வைத்து, இடைவெளியை விட்டு, "இந்த இடம் யாருக்காக விடப்பட்டிருக்கிறது?" என்று அவரிடமே கேட்கிறேன். கேட்காதவர்களுக்கும் வரைந்து காட்டுகிறேன், ஏனெனில் கேட்காதவர்களும் போகத்தான் போகிறார்கள்.

ஓட்டுநர் இப்போது களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வேலையிலிருந்து பதிவேட்டு வேலைக்கு மாறியிருக்கிறார்; குளிர்காலக் காலைகளில் இடது மணிக்கட்டு வலிக்கிறது என்கிறார். கடந்த மாதம் அதே சந்தியில் அவருக்குப் பின்னால் நான் என் வண்டியில் போனேன். ஒரு பஸ் கிளை வீதிக்கு இடம்விட்டு நின்றது. அவர் பஸ்ஸின் பின்மூலையிலேயே வேகத்தைக் குறைத்து, முன்மூலைக்குச் சற்றுப் பின்னால் காலை ஊன்றி நின்று, எட்டிப் பார்த்தார். கார் எதுவும் வரவில்லை. மூன்று நான்கு வினாடி நின்றுவிட்டு, முதலாம் கியரில் மெதுவாகக் கடந்து போனார்.